நனைந்த பூல் டேபிள்: துணி மாற்றுவது கடைசி வேலை

கேள்வி: எங்கள் வீட்டில் எட்டடி பூல் டேபிள் இருக்கிறது. நாங்கள் ஊரில் இல்லாத சில நாட்களில் மேல்மாடிக் குளியலறைக்குப் போகும் குழாய் கசிந்து, தளத்தின் வழியாக டேபிள்மேல் சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. வந்து பார்த்தபோது துணிமேல் தண்ணீர் தேங்கி நின்றது. துடைத்துவிட்டு மின்விசிறி போட்டுக் காயவைத்தோம். சுருக்கம் விழுந்த இடங்களில் இஸ்திரி போட்டேன். இப்போது மூன்று வாரம் ஆகிறது. துணியில் வளையம் வளையமாகக் கறை. குறுக்கே ஒரு கருத்த கோடு. மெதுவாக உருட்டினால் பந்து ஒரு மூலைக்கே ஒதுங்குகிறது. ஜன்னல் பக்கத்து நீளக் குஷனில் பந்து பட்டால் ‘தொப்’பென்று சத்தம் வருகிறது, பந்தும் சோர்ந்து திரும்புகிறது. லேசாகப் பூஞ்சை வாடையும் அடிக்கிறது. டேபிளை மேலாகப் பார்த்த ஒருவர் துணி மாற்றினால் போதும் என்கிறார். இன்னொருவர் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கச் சொல்கிறார். எது சரி? நானே செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள். இதைப் படித்து முடிக்கும்வரை டேபிளில் ஒரு போல்ட்டைக்கூட முறுக்காதீர்கள். துணி மாற்ற ஆளைக் கூப்பிடவும் வேண்டாம். தண்ணீர் செய்த சேதத்தைவிட, ஈரம் காயுமுன் புதுத்துணி போட்டு மூடியதால் வந்த சேதத்தைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு யோசனை சொன்ன இருவருமே மேலே பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். நனைந்த டேபிளை மேலே பார்த்து எந்த முடிவுக்கும் வர முடியாது. உங்கள் டேபிளில் விலை கூடிய பாகங்கள் பெரும்பாலும் பிழைத்திருக்கும் என்றே நினைக்கிறேன். கெட்டிருப்பது அடியில் உள்ள மரம். அது எவ்வளவு கெட்டிருக்கிறது, இன்னும் ஈரமாக இருக்கிறதா என்று தெரிந்த பிறகுதான் துணியைப் பற்றிப் பேசவே வேண்டும்.

டேபிளின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் தண்ணீர் எங்கே போயிருக்கும் என்று நீங்களே ஊகித்துவிடலாம். கீழே கால்களும் மரச்சட்டமும். அதன்மேல் ஸ்லேட் என்ற கற்பலகை, பெரும்பாலும் மூன்று துண்டாக. ஒவ்வொரு துண்டின் அடியிலும் ஓரத்தை ஒட்டி மரப்பட்டி இருக்கும். துணியை இழுத்து ஸ்டேப்பிள் அடிப்பது அந்தப் பட்டியில்தான். துண்டுகள் சேரும் இணைப்பைத் தேன்மெழுகோ புட்டி என்ற அடைப்புப் பசையோ வைத்து அடைத்திருப்பார்கள். அதற்கு மேலே துணி. சுற்றிலும் ரெயில்கள் என்ற மர விளிம்புகள், அவற்றின் உள்முகத்தில் ரப்பர் குஷன். ஸ்லேட்டின் அடியிலிருந்து மேலேறும் போல்ட்டுகள்தான் ரெயிலைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

துணி வழியாக இறங்கிய தண்ணீரை ஸ்லேட் குடிக்காது. வீட்டுக் கூரைக்கே வேயும் கல் அது. 1826இல் லண்டனில் ஜான் தர்ஸ்டன் பில்லியர்ட்ஸ் டேபிளுக்கு ஸ்லேட் போடத் தொடங்கும்வரை மரப்பலகையில்தான் ஆடினார்கள். காற்றில் ஈரம் கூடினாலே அந்தப் பலகை கோணிக்கொள்ளும். கல் வந்தபின் ஆடுதளத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கல்லில் பட்ட தண்ணீர் சும்மா இருக்காதே. பாக்கெட் வாய், திருகு ஓட்டை, போல்ட் ஓட்டை, துண்டுகளின் இணைப்பு என்று கிடைத்த வழியில் எல்லாம் இறங்கும். எந்த வழியில் இறங்கினாலும் போய்ச் சேருவது மரத்தில்தான். அந்த மரத்தின்மேல் கல் மூடியிருக்கிறது. உங்கள் மின்விசிறி துணியைக் காயவைத்திருக்கும், ஆனால் கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஈரத்தை அந்தக் காற்று தொட்டிருக்காது. மூன்று வாரம் கழித்தும் வாடை அடிப்பதன் காரணம் இதுதான்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். நல்ல தண்ணீர்க் குழாய் கசிந்ததா, கழிவு போகும் குழாயா? உங்கள் கடிதத்திலிருந்து நல்ல தண்ணீர் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். கழிவுநீர் என்றால் துணி, ரெயில் துணி, அடிப்பட்டி என ஈரம் குடித்த எதையும் காப்பாற்றப் பார்க்க வேண்டாம், கையுறை போட்டுக்கொண்டு அகற்றிவிட வேண்டும். நல்ல தண்ணீராகவே இருந்தாலும் கான்கிரீட் தளத்தின் வழியாக இறங்கும்போது அது சுண்ணாம்பையும் கரைத்துக்கொண்டு வரும். துணியில் கறை வளையத்தின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளையாகப் பொருக்குப் பொருக்காக ஒட்டினால் அது சுண்ணாம்பு. பூல் துணியில் பெரும்பங்கு கம்பளி. கம்பளிக்குக் காரம் ஆகாது, இழை வலுவிழந்துபோகும். அந்த இடத்தில் துணி வெகு நாள் தாங்காது.

அந்தக் கருத்த கோட்டுக்கு வருகிறேன். அது நேர்கோடாக, டேபிளின் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் குறுக்கே ஓடுகிறதா? அப்படியென்றால் அது தண்ணீர்க் கறை இல்லை, மெழுகு. ஸ்லேட் துண்டுகள் சேரும் இடம் அது. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கம்பளிக்கு வைக்கும் சூட்டிலேயே இஸ்திரிப்பெட்டி 100 டிகிரியைத் தாண்டியிருக்கும். இணைப்பில் இருந்த மெழுகு உருகித் துணியில் ஏறிவிட்டது. இப்போது அந்த இணைப்பில் மெழுகு குறைந்து பள்ளமாக இருக்கலாம். நகத்தைக் குறுக்காக இழுத்துப் பாருங்கள், நகம் லேசாக விழுந்து எழும். இதற்காக மனம் வருந்த வேண்டாம், டேபிளைத் திறக்கும்போது மெழுகை எப்படியும் புதிதாக ஊற்றத்தான் போகிறோம். ஆனால் இனி இஸ்திரிப்பெட்டியோ, ஹேர் டிரையரோ, ஹீட்டரோ இந்த டேபிளின் பக்கம் வரக்கூடாது.

இனி டேபிளுக்கு அடியில் போகலாம். இது நீங்களே செய்யக்கூடிய வேலை. ஒரு நல்ல டார்ச், ஒரு சிறிய திருப்புளி, கேமரா இவை போதும். தரையில் ஒரு விரிப்பைப் போட்டு மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, மேலே இருப்பது உண்மையிலேயே ஸ்லேட்தானா என்பது. அடியிலிருந்து பார்த்தால் சாம்பல் நிறக் கல் தெரியும், தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும். பழுப்பு நிறத்தில் அழுத்திய மரத்தூள் பலகை தெரிந்தால் விஷயம் வேறு. அது ஊறி உப்பிவிட்டால் திரும்பச் சமமாகாது. அப்படியென்றால் புதிது வாங்கச் சொன்னவரின் பேச்சை நான் மறுக்க மாட்டேன்.

ஸ்லேட் என்று உறுதியானால் மரத்தைப் பாருங்கள். சட்டத்தின் உள்பக்கம், குறுக்குச் சட்டங்கள், கல்லின் அடியில் உள்ள பட்டி ஆகியவற்றில் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடித்தால் தெரியாத மேடு பள்ளமெல்லாம் சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். தண்ணீர் வழிந்த தடம் பழுப்பு விளிம்போடு கோடாக நிற்கும். ஸ்டேப்பிளைச் சுற்றிச் செம்பழுப்பு வட்டம் இருந்தால் அங்கே ஈரம் வெகுநாள் நின்றிருக்கிறது. கருப்பாகவோ பச்சையாகவோ புள்ளி புள்ளியாக இருந்தால் பூஞ்சை. திருப்புளி முனையை வைத்து மெல்ல அழுத்துங்கள். நல்ல மரம் முனையை உள்ளே விடாது. எளிதாக இறங்கினால் அந்த இடம் போய்விட்டது. ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காப்பீடு இருந்தால் இந்தப் படங்கள் தேவைப்படும். இல்லாவிட்டாலும் பின்னால் வேலை செய்ய வருபவருக்கு உதவும்.

என்ன மரம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கெட்டியான மரக்கட்டை நனைந்தால் உப்பும், காய்ந்தால் பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்பும். பிளைவுட் தாங்கினாலும் தாங்கும், அடுக்குகள் பிரிந்துவிட்டால் தாங்காது. அதன் ஓரத்தில் அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய இருட்டுக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை), துகள்பலகை இரண்டும் நனைந்து உப்பினால் உப்பினதுதான். நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டி மாதிரி, பார்க்கப் பலகையாக இருக்கும், பிடிப்பு இருக்காது. ஓரத்தை நகத்தால் அழுத்தினால் பொருபொருவென்று உதிரும். அந்தப் பட்டியில் ஸ்டேப்பிள் அடித்தால் அடித்த கையோடு பிடுங்கிக்கொண்டு வரும். துணி மாற்றினால் போதும் என்றவரின் யோசனை எடுபடாமல் போவது இங்கேதான். அடிப்பட்டி உதிர்ந்துபோன டேபிளில் புதுத்துணியை எதில் இழுத்துக் கட்டுவது?

பந்து ஒரு மூலைக்கு ஒதுங்குவதற்கும் இந்த மரம்தான் காரணமாக இருக்க வேண்டும். மரம் நீளவாக்கில் அநேகமாக நீளாது, அகலவாக்கில்தான் உப்பும். சட்டத்தில் 150 மி.மீ. உயரமுள்ள பலகை ஒன்றில் ஈரம் எட்டு சதவீதம் கூடினால், அது சுமார் 2 முதல் 3 மி.மீ. வரை உயரும். கேட்க அற்பமாக இருக்கும். உலகப் பூல் சங்கத்தின் விதி ஆடுதளத்தின் அகலவாக்கில் அனுமதிக்கும் வித்தியாசமோ ஏறத்தாழ 0.25 மி.மீ.தான், நீளவாக்கில் அதைப் போல இரு மடங்கு. ஒரு சீட்டுக்கட்டிலிருந்து ஒரே ஒரு சீட்டை உருவிக் கையில் வைத்துப் பாருங்கள். அதன் தடிமன் கிட்டத்தட்ட 0.3 மி.மீ. அந்த அளவு ஏறினாலே மெதுவாகப் போகும் பந்து திசை மாறும் என்றால், 2 மி.மீ. ஏறிய டேபிளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்த நேரத்தில் எல்லோருக்கும் தோன்றும் யோசனை, தாழ்ந்த பக்கத்துக் காலுக்கு அடியில் எதையாவது வைத்து மட்டம் செய்துவிடலாம் என்பது. தயவுசெய்து செய்யாதீர்கள். உப்பிய மரம் காயும்போது இறங்கும். இன்று மட்டம் செய்தால் மாதம் ஒன்று போனதும் பந்து எதிர்மூலைக்கு ஓடும். அதற்குள் ஸ்லேட் துண்டுகள் ஒன்றுக்கொன்று ஏறி இறங்கி, இணைப்பில் படி விழுந்திருக்கும். பந்து அந்தப் படியைத் தாண்டும்போது ‘டக்’கென்று குதிக்கும்.

குஷன் சத்தத்துக்கு வருவோம். ரப்பர் போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம். குஷன் ரப்பரை நல்ல தண்ணீர் சில நாளில் கெடுத்துவிடாது. என் சந்தேகம் இரண்டு இடத்தில். ஒன்று, ரப்பரை மரத்தோடு ஒட்டியிருக்கும் பசை விட்டிருக்கலாம். மற்றது போல்ட். ரெயில் மரம் நனைந்து உப்பும்போது வாஷர் அந்த மரத்தை நசுக்கிவிடும். காய்ந்து மரம் சுருங்கும்போது நசுங்கின இடம் திரும்ப எழாது. யாரும் தொடாமலேயே போல்ட் தளர்ந்துபோகும், ரெயிலுக்குப் பிடி இருக்காது. ‘தொப்’ என்ற சத்தம் அப்படித்தான் வரும்.

இரண்டில் எது என்று ஓரளவு கண்டுபிடிக்கலாம். ரெயிலின் மேல்பலகையை விரல்முட்டியால் ஓர் அடிக்கு ஒரு தட்டு என்று இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தட்டிக்கொண்டே போங்கள். நன்றாக இருக்கும் எதிர்ப்பக்க ரெயிலை முதலில் தட்டிக் காதைப் பழக்கிக்கொள்வது நல்லது. நீளம் முழுக்க ஒரே மாதிரி மந்தமாக இருந்தால் போல்ட் தளர்ச்சி. ஓர் அடி, ஒன்றரை அடிக்கு மட்டும் மந்தமாக இருந்து மற்ற இடம் கணீரென்று இருந்தால் பசை விட்டிருக்கும், அல்லது அந்த இடத்து மரமே ஊறியிருக்கும். போல்ட்தான் என்று தெரிந்தாலும் மரம் காயும்வரை முறுக்க வேண்டாம். ஈரமரத்தில் முறுக்கினால் வாஷர் இன்னும் ஆழமாகப் புதையும்.

காயவைப்பது அடுத்த வேலை. பொறுமை வேண்டிய வேலையும் இதுதான். துணியைக் கழற்றி, ரெயில்களை இறக்கி, ஸ்லேட்டை எடுத்துவிட்டுச் சட்டத்தைத் திறந்து போட வேண்டும். கல் மேலே இருக்கும்வரை அடிமரம் காயாது. ஸ்லேட்டை இறக்குவதை நீங்கள் தனியாகச் செய்ய வேண்டாம். எட்டடி டேபிளின் மூன்று துண்டில் ஒவ்வொன்றும் தடிமனைப் பொறுத்து 50 முதல் 75 கிலோ இருக்கும். ஒரே துண்டாக இருந்தால் அது பல ஆள் வேலை. பழகியவர்கள் அதைப் படுக்கவைத்துத் தூக்க மாட்டார்கள். பக்கவாட்டில் நிமிர்த்தி, இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துத்தான் நகர்த்துவார்கள். படுக்கையாகத் தூக்கினால் தன் எடையிலேயே நடுவில் விரிசல் விடக்கூடிய கல் அது. இறக்கிய பிறகும் மரக்கட்டைமேல் செங்குத்தாகச் சுவரில் சாய்த்து வைக்க வேண்டும். கழற்றுமுன் எந்தத் துண்டு எந்தப் பக்கம் என்று கல்லின் அடியில் பென்சிலால் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சட்டத்துக்கும் கல்லுக்கும் நடுவே சொருகியிருக்கும் மரச்சில்லுகள் எங்கெங்கே இருந்தன என்பதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

திறந்த சட்டத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் காற்று போக வேண்டும். மின்விசிறியை ஒரே பலகையை நோக்கி வைக்காதீர்கள். ஒரு முகம் மட்டும் சீக்கிரம் காய்ந்தால் பலகை அந்தப் பக்கம் வளையும். வெயிலில் போடுவதும் வேண்டாம், மேலே ஒட்டிய வெனீர் என்ற மெல்லிய மர அடுக்கு வெடித்துக் கிளம்பும். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் கிடைத்தால் அறையை மூடி அதை ஓடவிடுங்கள், வேறு எதையும்விட அதுதான் நன்றாக வேலை செய்யும். இது வாரக்கணக்கில் பிடிக்கும். கையால் தொட்டு ‘காய்ந்துவிட்டது’ என்று சொல்லும் எவரையும் நம்பாதீர்கள். மேல்தோல் காய்ந்திருக்கும், உள்ளே ஊறித்தான் இருக்கும்.

இதற்கு இரண்டு ஊசிமுனை உள்ள சிறிய ஈரமானி கிடைக்கும். அதை மரத்தில் குத்திப் பார்த்தால் ஈரம் எத்தனை சதவீதம் என்று காட்டும். எத்தனை இருந்தால் சரி என்பதற்கு ஒரே எண் கிடையாது, அறைக்கு அறை மாறும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக உள்ள அறையில் மரம் 9 சதவீத ஈரத்தில் நிற்கும். 80 சதவீதம் உள்ள அறையில் 16 வரை போகும். அதனால் அதே அறையில் நனையாத மர நாற்காலியிலோ அலமாரியிலோ முதலில் குத்தி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டேபிளின் மரம் அந்த எண்ணுக்கு இரண்டு சதவீதத்துக்குள் வந்து, ஒரு வாரம் அப்படியே நின்றால் காய்ந்துவிட்டது என்று பொருள். 20ஐத் தாண்டிக் காட்டும் இடத்தில் பூஞ்சை வளர்ந்துகொண்டே இருக்கும். ஊசி பக்கத்தில் உள்ள ஆணியிலோ திருகிலோ பட்டால் எண் தாறுமாறாக ஏறும், இடம் மாற்றிக் குத்துங்கள். எம்.டி.எஃப்.பில் இந்தக் கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், நனையாத எம்.டி.எஃப்.போடு ஒப்பிட்டு மட்டும் பாருங்கள்.

பூஞ்சையைக் காய்ந்த துணியாலோ பிரஷ்ஷாலோ தேய்க்காதீர்கள், தூசியாகப் பறந்து மூச்சில் ஏறும். என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தெடுங்கள். பிளீச்சிங் திரவம் மரத்துக்குள் இறங்காது. அதை ஊற்றினால் மேல்நிறம் வெளுக்கும், கூடவே தண்ணீரும் ஏறும்.

காய்ந்த பிறகுதான் பழுதுபார்ப்பு. உதிர்ந்த அடிப்பட்டியைக் கல்லிலிருந்து உளியால் பெயர்த்து, பழைய பசையைச் சுரண்டி, புதுப்பட்டியை எபாக்ஸியால் ஒட்ட வேண்டும். கெட்டியான மரமோ நல்ல பிளைவுட்டோ போடச் சொல்லுங்கள், மறுபடி எம்.டி.எஃப். வேண்டாம். பட்டியின் தடிமனை நனையாத இடத்தில் அளந்து எடுக்க வேண்டும். உப்பின இடத்தில் அளந்து அதே தடிமனில் புதுப்பட்டி போட்டுவிட்டு, கல் ஏன் சட்டத்தில் சரியாக உட்காரவில்லை என்று தேடுபவர்கள் உண்டு. சட்டத்தில் மூலை இணைப்பு ஆடினால் பிரித்து மரப்பசை வைத்துக் கிளாம்ப் போட வேண்டும். துருப்பிடித்த போல்ட்டும் திருகும் மாற்ற வேண்டியவைதான், சுரண்டித் திரும்பப் போடும் பொருள் இல்லை. அவற்றைக் கழற்ற எண்ணெய் விட்டால் ரப்பரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரைத் தாங்கிய ரப்பரைப் பெட்ரோலிய எண்ணெய் கெடுத்துவிடும்.

ரெயில் பழுது நுணுக்கமானது. பசை விட்ட இடத்தில் மட்டும் ஒட்டுப்போட்டால் பிற்பாடு பக்கத்து இடம் விடும். ரப்பரை முழு நீளத்துக்கும் எடுத்து, மரத்தின் முகத்தைச் சமன் செய்து, ஒட்டுவதுதான் முறை. ரப்பர் காய்ந்து கெட்டிப்பட்டிருந்தால் புதிது போடச் சொல்லுங்கள். அப்போது பழையதன் வடிவத்தை ஒப்பிட்டு வாங்க வேண்டும், எல்லா டேபிளுக்கும் ஒரே ரப்பர் பொருந்தாது. எல்லாம் பூட்டிய பிறகு குஷன் மூக்கின், அதாவது பந்து படும் விளிம்பின், உயரத்தை அளந்து பாருங்கள். பந்தின் விட்டத்தில் 63.5 சதவீதம் இருக்க வேண்டும், ஒரு சதவீதம் கூடலாம் அல்லது குறையலாம். 57.15 மி.மீ. பந்துக்கு அது சுமார் 36.3 மி.மீ. உயரம் குறைந்தால் பந்து துள்ளும், கூடினால் பந்து அமுங்கி வேகம் செத்துப்போகும். ரெயில் மரம் கொஞ்சம் கோணியிருந்தாலும் இந்த அளவில் தெரிந்துவிடும். கோணின ரெயிலைப் போல்ட்டால் இழுத்து நேராக்க முயல்பவரை அனுமதிக்காதீர்கள். இழுக்கும் வேகத்தில் கல்லின் போல்ட் ஓட்டையிலிருந்து விரிசல் ஓடும்.

தோல் பாக்கெட் இருந்தால் உள்ளே வெள்ளைத்தாளைத் திணித்து நிழலில் காயவிட்டு, காய்ந்ததும் தோலுக்கான கண்டிஷனர் தடவுங்கள். பிளாஸ்டிக் என்றால் கழுவித் துடைத்தால் போதும்.

மட்டம் பார்ப்பது தனிக்கலை. முதலில் கல் இல்லாமல் சட்டத்தை மட்டம் செய்வார்கள். பிறகு கல்லை ஏற்றிச் சில்லு சொருகுவார்கள். கடைசியில் இணைப்பைச் சமன் செய்து மெழுகு ஊற்றிச் சுரண்டுவார்கள். கொத்தனார் ரசமட்டம் இதற்குப் போதாது. இயந்திரப் பட்டறையில் பயன்படுத்தும் நுண்மட்டம் வைத்திருப்பவராகப் பாருங்கள். வேலைக்கு வருபவரிடம் ‘எந்த மட்டம் வைத்துப் பார்ப்பீர்கள்?’ என்று ஒரு கேள்வி கேட்டாலே அவருடைய அனுபவம் தெரிந்துவிடும்.

இப்போது துணி. உங்கள் துணியைக் காப்பாற்ற முடியாது. கோலின் முனையில் தடவும் சாக் பொடி கரைந்து ஓடித் தேங்கிய வளையம் போகாது, மெழுகு ஏறியிருக்கிறது, நனைந்து காய்ந்ததில் இடத்துக்கு இடம் வேறு வேறு அளவில் சுருங்கியிருக்கும். எப்படியும் கழற்றத்தான் போகிறோம். ஒருமுறை ஸ்டேப்பிள் பிடுங்கிய துணியை மறுபடி இழுத்துக் கட்டினால் ஒரு சீராக நிற்காது. ரெயில் துணியையும் சேர்த்தே மாற்றுங்கள். தளமும் குஷனும் ஒரே துணியாக இருந்தால்தான் பந்தின் வேகம் ஒத்துப்போகும்.

சரிசெய்வதா, புதிது வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்லேட் முழுதாக இருந்து, சட்டம் கெட்டியான மரமாக இருந்து, அடிப்பட்டியும் ஒரு ரெயிலும் மட்டும் பழுது என்றால் தயங்காமல் சரிசெய்யுங்கள். நன்றாகச் செய்து முடித்தால் இந்த டேபிள் நனைவதற்கு முன்பு ஆடியதைப் போலவே ஆடும். சட்டமும் கால் இணைப்பும் துகள்பலகையாக இருந்து ஊறிப்போயிருந்தால் அது ஆட்டத்தைக் கெடுப்பதோடு நிற்காது, ஆபத்தும்கூட. அத்தனை கல்லையும் தாங்கும் கால் ஒருநாள் மடங்கும். அந்தச் சந்தேகம் இருந்தால் கல்லை இறக்கும்வரை பிள்ளைகளை டேபிளுக்கு அடியிலோ மேலேயோ விடாதீர்கள். நீங்கள் திருப்புளியோடு அடியில் படுப்பதற்கு முன்பும் காலைச் சுற்றிப் பார்த்து, உப்பியோ பிளந்தோ இருந்தால் உள்ளே போகாமல் வெளியிலிருந்தே படம் எடுங்கள். அந்த நிலையிலும் ஸ்லேட்டை வீசிவிட வேண்டாம். கல் நன்றாக இருந்தால், அளவு கொடுத்து நல்ல தச்சர் ஒருவரிடம் புதுச் சட்டம் செய்து அதன்மேல் ஏற்றலாம். முழு டேபிளையும் குப்பைக்கு அனுப்பச் சொன்னவர் இதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே, உங்கள் கையில் இருக்கும் வேலை இவ்வளவுதான்: மேல்மாடிக் கசிவு முழுக்க நின்றுவிட்டதா என்று உறுதி செய்வது, அடியில் பார்த்துப் படம் எடுப்பது, ரெயிலைத் தட்டிப் பார்ப்பது, ஈரமானியில் எண்களைக் குறிப்பது, காயும்வரை காத்திருப்பது. கல்லும் ரப்பரும் மட்டமும் பழகிய கைக்கு விடுங்கள். வேலை முடிந்து ஒரு மாதம் ஆனதும் அவரையே திரும்ப வரச் சொல்லிவிடுங்கள். காய்ந்த மரம் கல்லின் எடையில் இன்னும் கொஞ்சம் அமரும். அப்போது ரெயில் போல்ட்டுகளை ஒருசுற்று இறுக்கி, மட்டத்தையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். கூலி பேசும்போதே இந்த இரண்டாவது வருகையையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள்.